நூற்றிருபதுக்குத் தொண்ணூறு

பதினோரு வருஷம் ஒருத்தி கழிப்பறைகளை மட்டுமே வரைந்துகொண்டிருந்தால் அவளுக்கு என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது. சாயங்காலம் கழுத்து வலிக்கும். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கண் முதலில் அங்கே போகும். நம் வடிவமைப்பாளருக்கும் அவ்வளவுதான் ஆகியிருந்தது. பெரிய கட்டட நிறுவனம், ஜன்னலோர மேசை. கட்டடத்தின் முகப்பை ஒருவர் வரைவார், மாடிப்படியை இன்னொருவர் வரைவார், கழிப்பறை மட்டும் தவறாமல் இவளிடம் வந்து சேரும். “சின்ன இடத்துல எல்லாத்தையும் அடக்க உங்கள விட்டா ஆள் இல்லைங்க” என்பார் மேலாளர். அது பாராட்டா, குழி தோண்டிப் புதைப்பதா என்று அவளுக்குப் பதினோரு வருஷமாகப் புரியவில்லை.

அந்தக் குழியிலிருந்து அவளைத் தூக்கிவிட்டது அவள் நாத்தனார். புருஷனின் அக்கா. தொண்ணூற்றாறு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர். குரலெடுத்தால் ஆறாவது மாடியில் துணி உலர்த்துகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். குடியிருப்பின் நடுவே ஒரு காலி இடம் சும்மா கிடந்தது. ஒரு பக்கம் மட்டும் இறங்கும் சீசா ஒன்று, சங்கிலி மட்டும் தொங்கும் ஊஞ்சல் ஒன்று, இவைதான் அங்கே இருந்த விளையாட்டுச் சாமான்கள். “கடையில விக்கிற பிளாஸ்டிக் சறுக்கு வேணாம். எங்க பிள்ளைங்களுக்குன்னே ஒண்ணு வரைஞ்சு குடு. ஆனா ஒண்ணு, என் பேரைக் கெடுத்துடாத” என்றார் நாத்தனார்.

அவள் நான்கு மாதம் விடுப்புப் போட்டாள். மேலாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். “லீவு முடியற திங்கக்கெழம வரைக்கும் மேசை உங்களுக்கு இருக்கும். வந்து உக்காந்தா உக்காருங்க. இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவேன்” என்றார். ஆக, இந்த ஒரு விளையாட்டுத்திடல் நடந்தால் அவள் தனியாகத் தொழில் பண்ணலாம். நடக்காவிட்டால் திங்கட்கிழமை காலை மறுபடி கழிப்பறை.

நான்கு மாதமும் அவள் சும்மா இருக்கவில்லை. பெரியவர்களை விட்டுவிட்டு நேராகக் குழந்தைகளிடம் போனாள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி முழங்கால் எவ்வளவு உயரம், கை எட்டுவது எவ்வளவு, உள்ளங்கை எவ்வளவு தடிமனான கம்பியைப் பிடிக்கும் என்று அளந்தாள். அளக்கப்படுவதில் அப்படி என்ன சுகமோ, ஒரு வாண்டு சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு மூன்று தடவை வரிசையில் வந்து நின்றது. எல்லோருக்கும் காகிதம் கொடுத்து என்ன வேண்டுமோ வரையச் சொன்னாள். அறுபத்து மூன்று படங்கள் வந்தன. நான்கு வயசுச் சிறுமி ஒருத்தி மேலே போகிற சறுக்கு வேண்டும் என்று கேட்டிருந்தாள். “கீழ வர்றது எல்லா எடத்துலயும் இருக்கே” என்பது அவள் வாதம். ஒருவன் முழுக்க முழுக்கச் சேற்றை வரைந்திருந்தான். கழிப்பறை வரைந்தவள் இந்தப் படங்களைப் புரட்டும்போது சிரித்துச் சிரித்துத் தாளைக் கீழே போட்டாள்.

அதிலிருந்து அவள் ஒரு மேட்டை வரைந்தாள். ஒரு பக்கம் படிக்கட்டு, ஒரு பக்கம் கயிறு பிடித்து ஏறும் சரிவு, முன்பக்கம் அகலமான சறுக்கு. மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே வரவரக் கொஞ்சம் ஒடுங்கும். ஒருவர் மேல் ஒருவர் விழாமல் வரட்டும் என்று அந்த ஏற்பாடு. அடிவாரத்தில் மணல். சுற்றி, பெரியவர்கள் உட்கார வளைந்த பெஞ்சு.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கார்க்காரர் குறுக்கே வரும் வரை.

கார்க்காரர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு கார் வைத்திருந்தார். குடியிருப்பில் நிறுத்த இடமில்லாமல் அதைத் தெருவில் நிறுத்தினார். அதன் பக்கக் கண்ணாடி அந்த வருஷம் மட்டும் மூன்று தடவை உடைந்திருந்தது. நான்காவது கண்ணாடியை மாட்டிய அன்று மனுஷன் ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். காலி இடத்தில் எட்டு கார் நிறுத்தலாம். எட்டு காருக்கு இடம் கேட்டு இருபத்தேழு வீட்டுக்காரர்கள் அவர் பின்னால் ஒற்றைக்காலில் நின்றார்கள். இருபத்தேழு காரும் எட்டு இடத்தில் எப்படி நிற்கும் என்று அவர்களில் ஒருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. எட்டில் ஒன்று தனக்கு என்று ஒவ்வொருவரும் மனசுக்குள் முடிவு செய்திருந்தார்கள்.

கடைசியில் அவள் விடுப்பு முடியும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம், வீட்டுக்கு ஒரு ஓட்டு, கை தூக்கி முடிவு என்று ஏற்பாடாயிற்று. “பேசித்தான் ஜெயிக்கணும்” என்றார் நாத்தனார். அங்கேதான் சிக்கல். அவளுக்கு நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வரைபடத்தை விரித்துக் காட்டினாலோ, இவர்கள் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு “ரொம்ப அழகா இருக்கும்மா, இந்த ரவுண்டு என்ன, கிணறா?” என்று கேட்கிறார்கள். அதனால் மரத்தில் ஒரு சின்ன மாதிரி செய்து, மேசை மேல் வைத்து, துணியை விலக்கிக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தாள். பொம்மை வீடு மாதிரி இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

பத்தில் ஒரு பங்கு. நீளம் நூற்றிருபது, அகலம் தொண்ணூறு, மேட்டின் உயரம் இருபத்தைந்து. அளவுகளை எழுதித் தச்சருக்கு அனுப்பினாள். சென்டிமீட்டர் என்று எழுதவில்லை. அவள் அலுவலகத்தில் யாருமே எண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதுவதில்லை. அங்கே எழுதினால், இது தெரியாதா என்பதுபோல் பார்ப்பார்கள். “குழந்தைங்க தொட்டுப் பாப்பாங்கண்ணே, முனை எதுவும் குத்தக் கூடாது” என்று மட்டும் போனில் சொன்னாள். தச்சர் பத்து நாளில் ஒரு போட்டோ அனுப்பினார். வெறும் சுவருக்கு முன்னால், பளபளவென்று, படிக்கட்டு, சரிவு, சறுக்கு, பெஞ்சு எல்லாம் அச்சு அசல். பக்கத்தில் ஒரு ஆணி, ஒரு டம்ளர், ஒரு மனுஷன், எதுவும் இல்லை. அவள் பூரித்துப்போய், “அருமைண்ணே!” என்று பதில் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் குடியிருப்பின் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது.

அவள் கூட்ட அறையில் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தாள். நாத்தனாரின் குரல் வெளியிலிருந்து வந்தது. “அடியே! இங்க வா! சீக்கிரம் வா!” ஓடிப் போய்ப் பார்த்தாள். லாரியின் பின்பக்கம் முழுக்க அவளுடைய மேடு உட்கார்ந்திருந்தது. தச்சர் பக்கத்தில் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

“அண்ணே,” என்றாள்.

“பத்தடிக்கு ஏழரையடி. துளி பிசகல. நீங்க குடுத்த அளவுதான்மா, நூத்தியிருபது இஞ்சு, தொண்ணூறு இஞ்சு.” அவர் முப்பது வருஷமாக அங்குலத்தில் வேலை செய்கிறவர். கனவே அங்குலத்தில்தான் காண்பார். “மாதிரியே பத்தடின்னா அசல் எவ்ளோ பெருசா இருக்குமோன்னு மலைச்சுப் போயிட்டேன். இவ்ளோ பெருசா இருந்தா பிள்ளைங்க ஏறாம விடுமான்னு யோசிச்சு, அடியில குறுக்குச் சட்டம் குடுத்திருக்கேன். முனை எல்லாத்தையும் ரெண்டு வாட்டி தேச்சிருக்கேன். தடவிப் பாருங்க.”

அவரைத் திட்டவும் முடியாது. தப்பு யாருடையது என்று அவளுக்குத் தெரியும். கழிப்பறையில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் கதவு திறக்காது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் அவள்தான்.

எட்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட்ட அறைக் கதவு மூன்றரை அடி அகலம், ஏழடி உயரம். நேராக வைத்துப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், செங்குத்தாக நிறுத்தியும் பார்த்தார்கள். “ஜன்னல் வழியா விட்டா?” என்று ஒருவர் யோசனை சொன்னார். நாத்தனார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். “மேசை மேல வைக்கிற பொம்மைன்னு சொன்னியே, மேசையவே இதுக்குள்ள வைக்கலாம் போல இருக்கே!” என்று இவளிடம் பல்லைக் கடித்தார். வேறு வழியில்லாமல் அதைக் காலி இடத்திலேயே இறக்கினார்கள்.

அவ்வளவுதான். எங்கிருந்துதான் வந்தார்களோ. இரண்டு வயசு, மூன்று வயசு, நாலு வயசு எல்லாம் மாடிப்படிகளில் உருண்டு புரண்டு வந்து சேர்ந்தன. படிக்கட்டு அவர்கள் காலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகப் பொருந்தியது. ஏறின, உட்கார்ந்தன, வழுக்கின, எழுந்து ஓடிப்போய் மறுபடி ஏறின. மேலே போகிற சறுக்கு கேட்ட சிறுமி சறுக்கில் கீழிருந்து மேலே தவழ்ந்துகொண்டிருந்தாள். நம் வடிவமைப்பாளர் முதலில் செய்த காரியம், தரையில் மண்டியிட்டு, பலகைகளின் இடுக்குகளில் எல்லாம் சுண்டு விரலை விட்டுப் பார்த்தது. எங்கேயும் விரல் மாட்டவில்லை. தச்சரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் தலையாட்டினார். அந்த நிமிஷம் அவளுக்குக் கூட்டம், ஓட்டு, திங்கட்கிழமை எல்லாம் மறந்துபோயிற்று. அவள் காகிதத்தில் போட்ட கோட்டின் மேல் குழந்தைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷத்தில் கண் கலங்கினாள்.

கூட்டத்துக்கு வந்தவர்கள் அறைக்குள் போகவே இல்லை. எல்லோரும் மேட்டைச் சுற்றி நின்றார்கள். கடைசியில் நாத்தனாரே, “சரி, கூட்டம் இங்கயே” என்று அறிவித்தார். எழுபத்தோரு வீடுகளிலிருந்து ஆள் வந்திருந்தார்கள். முப்பத்தாறு கை உயர்ந்தால் விளையாட்டுத்திடல்.

முதலில் கார்க்காரர் பேச எழுந்தார். இவள் மனசைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அவர் சிரித்தபடி ஆரம்பித்தார்.

“நான் எதுத்துப் பேசத்தான் வந்தேன். பாத்தா வாயடச்சுப் போச்சு. ரொம்ப நல்லா இருக்கு. நான் கேக்கறேன், இதுவே போதுமே? இதையே அந்த மூலையில வச்சிடுவோம். பிள்ளைங்களும் விளையாடட்டும், மிச்ச எடத்துல ஏழு கார் நிக்கும். ஒரு கார்தானே குறையுது!”

கூட்டம் கைதட்டியது. “அட, ஆமால்ல!” “ரெண்டு பக்கமும் திருப்தி!” நேற்று வரை இவள் பக்கம் இருந்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

அவளுக்கு மட்டும் கசந்தது. எதிரி தோற்கடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுடைய மாதிரியே அவளைத் தோற்கடித்துவிட்டது. இது வெறும் மாதிரிதான், அசல் இதைப்போல நான்கு மடங்கு, இது ஐந்து வயசுக்கு மேல் ஒருத்தருக்கும் ஆகாது என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்றாள். “இது வந்து... இதுல என்னன்னா...” நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. எழுபத்தோரு வீட்டுக் கண்களும் அவள் மேல் இருந்தன. நாத்தனார் கண்ணாலேயே “பேசுடி” என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்பா, நான் எங்க விளையாடறது?”

கார்க்காரரின் மகள். பதினோரு வயசு. ஒரே வருஷத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டதால் தோழிகள் ஏணி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அவள் வயசுப் பிள்ளைகளும் அவ்வளவு நேரமும் சுவரோரமாகக் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்ததை அதுவரை யாரும் கவனிக்கவில்லை.

“இதுலதான்மா. ஏன், நல்லாத்தானே இருக்கு?”

“எனக்குப் பத்தாதுப்பா.”

“பத்தும், பத்தும். இங்க பாரு, நானே உக்காந்து காட்டறேன்.”

சபையில் தட்டிய கைதட்டல் இன்னும் காதில் இருந்தது போலும். மனுஷன் செருப்பைக் கழற்றினார், இரண்டே எட்டில் மேட்டின் மேல் ஏறினார், சறுக்கின் உச்சியில் உட்கார்ந்தார். அங்கே அகலம் பதினாறு அங்குலம். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனாலும் உட்கார முடிந்தது. “பாத்தீங்களா?” என்று கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, காலை உந்தினார்.

சறுக்கு கீழே வரவர ஒடுங்கும் என்று சொன்னேன் அல்லவா? பாதி வழியில் அவர் நின்றுவிட்டார். உந்திப் பார்த்தார். நெளிந்து பார்த்தார். தச்சர் அடித்திருந்த பக்கப் பலகை லேசுப்பட்டது இல்லை. முழங்கால் இரண்டும் தாடையைத் தொட, கார்க்காரர் சறுக்கின் நடுவில் ஆப்பு அடித்தாற்போல் மாட்டிக்கொண்டார்.

சிரிப்பு ஆறாவது மாடி வரைக்கும் போனது. இரண்டு பேர் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தார்கள். “ஐயோ, தோள், தோள்!” என்று கத்தினார். “இழுக்காதீங்க, பலகை பிளந்துடும்” என்று பதறினார் தச்சர். ஆள் பிளந்துவிடுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “பக்கப் பலகைய ஸ்குரூ ஸ்குரூவா கழட்டணும். கால் மணி நேரம் ஆகும். சார், அசையாம இருங்க.” திருப்புளியை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார்.

ஏணி வந்து அப்பாவுக்குப் பக்கத்தில், மேட்டின் ஓரமாக உட்கார்ந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர். அவருக்கும் கடைசியில் சிரிப்பு வந்துவிட்டது. மகளும் அப்பாவும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்றோ.

“சரி, நீ என்னதான் கேட்ட, உனக்குப் பத்தாம போறதுக்கு?” என்றார் அவர்.

“உயரமா ஒரு எடம் கேட்டேன். அந்தக் காம்பவுண்டு சுவர விட உயரமா.”

“எதுக்கு? கீழ விழறதுக்கா?”

“நீங்க சாயங்காலம் வரும்போது நம்ம கார் முக்குல திரும்பும்ல? அது அங்கேருந்து தெரியும். கீழ நின்னா சுவர்தான் தெரியுது.”

கார்க்காரர் கழுத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். வடிவமைப்பாளருக்கு அந்த அறுபத்து மூன்றில் ஒரு படம் ஞாபகம் வந்தது. பெயர் எழுதாத படம். ஒரு சுவர், அதற்கு மேலே ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு குட்டிக் கார். மேட்டின் உச்சியை இரண்டரை மீட்டர் என்று அவள் போட்டதே அதை வைத்துத்தான். அது யார் வரைந்தது என்று நான்கு மாதமாக அவளுக்குத் தெரியாது.

பேச்சு தானாக வந்தது. “அசல்ல தெரியும்மா,” என்று ஏணியிடம் சொன்னாள். கூட்டம் அவள் கண்ணில் இல்லை. “இதப்போல நாலு மடங்கு. இங்க மூணு வயசுப் பிள்ளை ஏறுதுல்ல, அங்க நீ ஏறலாம், உங்கப்பா ஏறலாம். உச்சியில நீ நின்னா சுவர் உன் காலுக்குக் கீழ இருக்கும். ரோடு முக்கு வரைக்கும் தெரியும். நானே ஏணி போட்டு ஏறி நின்னு பாத்துட்டேன்.”

நான்கு மாதமாகப் பேச வராததை எழுபத்தோரு வீடும் கேட்டது.

“போதும், ஓட்டு எடுக்கலாம்,” என்றார் நாத்தனார். அவருக்கு நேரம் காலம் தெரியும். “அசல் விளையாட்டுத்திடலுக்கு யார் யார்? கை தூக்குங்க. வீட்டுக்கு ஒரு கை. பிள்ளைங்க கையெல்லாம் இறக்கு! ஏய், ரெண்டு கையையும் தூக்காத!” எண்ணிக்கொண்டே வந்தார். முப்பத்து மூன்று. முப்பத்து நான்கு. முப்பத்தைந்து.

அதற்கு மேல் கை இல்லை. மூலையில் சின்னதாக ஒன்று, மிச்சம் ஏழு கார் என்ற ஏற்பாடு பலருக்கு இன்னும் இனிப்பாகத்தான் இருந்தது. நாத்தனார் இன்னொரு தடவை எண்ணினார். மறுபடி முப்பத்தைந்து. வடிவமைப்பாளர் ஓட்டு இல்லாத தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“கொஞ்சம் கைய விடறீங்களா?” என்றது சறுக்கிலிருந்து ஒரு குரல்.

இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் இன்னும் கார்க்காரரின் கைகளை விடாமல் பிடித்திருந்தார்கள். “ஏன் சார், வலிக்குதா?”

“ஓட்டுப் போடணுங்க.”

வலது கையை விட்டார்கள். அவர் அதை உயர்த்தினார். மாட்டிக்கொண்ட நிலையில் எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு. அப்போதும் அது மகளின் தலையைத் தாண்டவில்லை. ஏணி அந்தக் கையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டாள்.

“முப்பத்தாறு!” என்று நாத்தனார் போட்ட சத்தத்தில் புறாக்கள் பறந்தன. பிள்ளைகள் போட்ட கூச்சல் அதையும் முழுங்கியது. நாத்தனார் ஓடிவந்து இவளைக் கட்டிக்கொண்டு, “பேரக் காப்பாத்திட்டடி!” என்றார். இவள் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். திங்கட்கிழமை யார் வேண்டுமானாலும் அந்த மேசையில் போய் உட்காரட்டும்.

“அம்மா, ஒரு சந்தேகம்,” என்றார் கார்க்காரர். தச்சருக்கு இன்னும் நான்கு ஸ்குரூ பாக்கி இருந்தது. “அசல்ல நான் இப்படி மாட்டிக்க மாட்டேனே?”

“மாட்டீங்க சார். ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து வரலாம்.”

“வாயால சொன்னா எப்படி? அளந்து பாத்துடுங்க.”

அவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். ஏணி எழுந்து அப்பாவின் பக்கம் நெருக்கி உட்கார்ந்தாள். பலகைக்கு இந்தப் பக்கம் மகள், அந்தப் பக்கம் அப்பா. தனியாகத் தொழில் தொடங்கிய வடிவமைப்பாளர் அவர்கள் முன் மண்டியிட்டு, அவர் இடுப்பின் ஒரு ஓரத்திலிருந்து அவள் இடுப்பின் மறு ஓரம் வரை டேப்பை இழுத்துப் பிடித்தாள். “ரெண்டு பேரும் மூச்சு விடலாம்,” என்றாள், “நல்லா சாஞ்சு உக்காருங்க.”